படம் பிடித்தலும் உயிர் பிடித்தலும்

ஈராண்டுகளுக்கு முன்பு, பதுளைப் பகுதிப் பாடசாலை ஒன்றிலே நடைபெற்ற கலைவிழாவில், மாணவர் எடுத்த இயற்கைக் காட்சிப் படங்களுக்குப் பரிசில் தேரும் பொறுப்பு எளியேனிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்ப் பண்டிதனுக்கும் கமராவுக்கும் என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைத்தனர். குறிஞ்சித் திணையை 28 ஆண்டுகளாகப் பாடஞ் சொல்லி வருபவனுக்கு மலையும் குருவியும் அயலாகுமோ என்று நானும் நகைத்துக்கொண்டே இசைந்தேன்.

சுவர் நிறையப் படங்கள் தொங்கின. துங்கிந்த அருவி, எல்லைக்கல் இல்லாத மூடுபனி, தெமோதரைப் பாலத்தைக் கடக்கும் புகையிரதம் என்று பலவும் இருந்தன. அவற்றுள் ஒரு படம் என்னை அசையவொட்டாமல் நிறுத்திற்று. தேயிலைச் செடியின் கவட்டிலே கிண்ணம்போல் அமைந்த கூடு. அதனுள் கொண்டைக்குருவிக் குஞ்சுகள் இரண்டு. கண் திறவாத அக்குஞ்சுகள் செக்கச் செவேலென்ற வாயை அங்காந்து தாயை எதிர்நோக்கும் நிலை. காலை வெயில் நேரே கூட்டின்மேல் விழுந்து ஒவ்வொரு நாரையும் தனித்தனியே காட்டிற்று. தயங்காமல் முதற்பரிசு அளித்தேன். மேடையிலே பத்து நிமிடம் அப்படத்தைப் புகழ்ந்து பேசினேன். கருப்பொருள், உரிப்பொருள், மெய்ப்பாடு என்றெல்லாம் தொல்காப்பியத்தையும் துணைக்கு அழைத்தேன். கைதட்டலுக்குக் குறைவில்லை.

விழா முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபொழுது, அம்மாணவனின் அம்மாயி என் அருகே வந்தார். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி அவர்.

"ஐயா பேசினது நல்லா இருந்துச்சுங்க. ஆனா அந்தக் குஞ்சு ரெண்டும் அன்னைக்கே போயிருச்சுங்களே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"வெளிச்சம் பத்தலைன்னு பேரன் மேல இருந்த வாதெல்லாம் ஒடிச்சு விட்டுட்டான். தாய்க்குருவி கிட்ட வரப் பயந்துக்கிட்டுக் கத்திக்கிட்டே கெடந்துச்சு. பொழுது சாயிறதுக்குள்ள காக்கா கண்டுருச்சுங்க."

அவர் எவரையும் குறை கூறவில்லை, நடந்ததைச் சொன்னார். என் கையிலிருந்த தேநீர் ஆறிற்று. நான் மேடையிலே வியந்த அந்தக் காலை வெயில், இலைமறைவு நீங்கியபின் விழுந்த வெயில். தாயை நோக்கிய ஆர்வம் என்று நான் நயங் கூறிய அந்த அங்காந்த வாய், தாய் அணுக மாட்டாமையால் பசித்த வாய். படம் எடுத்தவன் பதினாறு வயதுப் பிள்ளை. இப்படிச் செய்யலாகாது என்று அவனுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐம்பதைக் கடந்த நானோ, அப்படம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்று ஒரு வினாவும் வினவாமலே மாலை சூட்டினேன். பிழை பரிசளித்தவனுடையது. அக்கடனைத் தீர்க்கவே இதனை எழுதுகிறேன்.

தமிழிலே நாம் 'படம் பிடித்தல்' என்கிறோம். மீன் பிடித்தல், யானை பிடித்தல், புலி பிடித்தல் என்பவற்றோடு ஒரே வினையிலே இதனையும் சேர்த்துவிட்டோம். சொல் தற்செயலாக அமைந்திருக்கலாம். எனினும் அதனுள் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பிடிப்பவன் வேட்டுவன். கருவி மாறினாலும் கண் மாறாவிட்டால் அவன் வேட்டுவனாகவே இருப்பான்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பதுளை நகரிலே புனித மாற்கு தேவாலயம் நிற்கிறது. அது தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்னும் படைத்தலைவரின் நினைவாக எழுப்பப்பட்டு, 1857ஆம் ஆண்டு நேர்ந்தளிக்கப்பட்டது. இலங்கை ரைபிள் படையிலே மேஜராகவும், பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்தவர் அவர். தம் வாழ்நாளில் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தினார் என்று அவரைப் பற்றிச் சொல்வர். 1845ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் நாள், அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டார். அவர் கல்லறை நுவரெலியாவில் உள்ளது. அவருடைய நண்பரும் அன்பரும் கூடிக் கோயில் எழுப்பும் அளவுக்கு நன்மதிப்புப் பெற்றிருந்தார் என்பதையும் மறைக்கலாகாது. அக்காலத்தார் கண்ணுக்கு யானை ஓர் எண், அவ்வளவே. நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று எண்ணிக்கை ஏறுவதே பெருமை.

பின்னர் 1894இலே இந்நாட்டில் வனவுயிர் காக்கும் சங்கம் ஒன்று தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவருட் பலர் வேட்டையாடியவரே என்பது எண்ணத்தக்கது. சுட்டுச் சுட்டுக் காடு வெறிதாவதைக் கண்டபின்பு, காவாவிடின் சுடுவதற்கும் ஒன்றும் எஞ்சாது என்று உணர்ந்தனர். 1937இலே வனவுயிர், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டே யால தேசிய வனமாயிற்று. அவ்வனத்தின் ஒரு பகுதி நம் ஊவாவின் மொனராகலை மாவட்டத்தைச் சேர்ந்தது. துப்பாக்கி கீழே வைக்கப்பட்டது. கமரா கையில் ஏறிற்று. நல்ல மாற்றம், ஐயமில்லை. ஆனால் இன்று யாலவிலே ஒரு சிறுத்தை வழியோரம் தென்பட்டதும் ஜீப் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு விரைந்து சூழ்வதைக் கண்டவர்கள், எண்ணிக்கையிலே மயங்கிய அந்தப் பழைய வேட்டைக் கண் இன்னும் மூடவில்லை என்பதை அறிவர். அன்று தந்தம் எண்ணினர். இன்று படம் எண்ணுகின்றனர்.

அப்படியாயின் படமெடுப்பதையே விட்டுவிடுவோமா? என் உடனாசிரியர் ஒருவர் இப்பொருள் பற்றி என்னோடு வழக்காடினார். "மக்கள் கண்டதையே காப்பர். காணாத உயிருக்காக எவர் கண்ணீர் விடுவார்? படங்கள் இல்லையேல் காடுகள் என்றோ அழிந்திருக்கும்" என்றார். அவர் கூற்றிலே உண்மை உண்டு. ஆதலால் நான் படத்தை மறுக்கவில்லை. எது சிறந்த படம் என்னும் அளவுகோலையே ஆராயச் சொல்கிறேன்.

இவ்வாராய்ச்சிக்கு நமக்கு ஓர் ஆசான் உண்டு. அவர் தமிழர், மா. கிருஷ்ணன் என்பது அவர் பெயர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர். 1912இலே பிறந்து 1996இலே மறைந்தவர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழிலே 1950 முதல் இறுதிவரை இயற்கை பற்றிய பத்தியை இடையறாது எழுதினார், தமிழிலும் எழுதினார், அத்தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் தொகுப்பாகக் கிடைக்கின்றன. முதுமலை முதலிய காடுகளிலே யானைகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர். பல கமராக்களின் உறுப்புக்களைத் தாமே இணைத்து அமைத்த பாரமான கருவி ஒன்றைச் சுமந்து திரிந்தார். இக்காலத்துச் சிறுவன் கையிலுள்ள கைப்பேசி, கணப்பொழுதில் அந்தக் கருவியைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையான படங்களை எடுத்துவிடும். எனினும் அவர் படங்கள் நின்று நிலைக்கின்றன. விலங்கின் நடையையும் நாளையும் பொழுதையும் அறிந்தபின்பே அவர் கருவியைத் தொட்டார். கட்டுரை எழுதும் கையும் படமெடுக்கும் கையும் அவரிடத்தே ஒன்றாயிருந்தன.

இவ்வறிவு நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள், மா, மரம், புள், உணவு, தொழில் முதலாயின கருப்பொருள், ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் கூடியே திணை. இன்று பரிசு பெறும் படங்கள் பலவற்றிலே ஒரு விலங்கின் முகம் மட்டும் சட்டத்தை நிறைத்து நிற்கிறது. பின்புலம் முழுதும் கலங்கிய வண்ணம். அது எந்த மலை, எந்தப் பொழுது, எதனை உண்டு வாழ்வது என்று ஒன்றும் அறிய இயலாது. முதற்பொருள் இன்றிக் கருப்பொருள் மட்டும் தனித்து நிற்கும் அப்படத்தை விலங்குக்காட்சிச் சாலையிலும் எடுத்துவிடலாம். ஊவாவிலே எடுத்த படம் ஊவாவைக் காட்டவேண்டாவா? ஐப்பசி முதல் தை வரை பெய்யும் நம் மழை, ஆனி ஆடியிலே புல்லைச் சருகாக்கும் கச்சான் காற்று, நமுனுகலை முடியை முற்பகலிலேயே மறைக்கும் முகில், இவையெல்லாம் பறவையின் வாழ்வுக்கு உறுப்புக்கள். அவற்றோடு சேர்த்துப் பறவையைக் காட்டுபவனே பறவையைக் காட்டியவனாவான்.

உரிப்பொருளோ ஒழுக்கம். அகத்திணையிலே அது தலைமக்களின் ஒழுக்கம். படக்கலையிலே அதனைப் படமெடுப்பவனின் ஒழுக்கம் என்று கொள்ளலாம். இவ்வொழுக்கம் அறநூலுக்கு மட்டும் உரியது, கலைக்கு வேண்டாதது என்று கருதுவோர் ஒன்றை நோக்குக. லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலை சார்ந்து ஆண்டுதோறும் நடைபெறும் வனவுயிர்ப் படப் போட்டி உலகப் புகழ் வாய்ந்தது. 2009ஆம் ஆண்டு அதன் முதற்பரிசு, வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அவ்வோநாய் பழக்கி வளர்த்ததாகவே இருத்தல் வேண்டும் என்று நடுவர் பின்னர் முடிவுகண்டு பரிசை நீக்கினர். எடுத்தவரோ அதனை மறுத்தார். 2017ஆம் ஆண்டு, இரவிலே கறையான் புற்றை நாடி வரும் எறும்புதின்னியின் படம் ஒன்று ஒரு பிரிவிலே பரிசு பெற்றது. அது பஞ்சடைத்த விலங்கு என்று அறிஞர் ஆராய்ந்து கூற, அப்பரிசும் மறு ஆண்டு நீக்கப்பட்டது. இரண்டு படங்களிலும் ஒரு கோடு கூட மாறவில்லை. எடுத்த முறை பற்றிய ஐயம் எழுந்தவுடன் அழகும் உடன் கழன்றுவிட்டது. உண்மை என்னும் நம்பிக்கையே வனவுயிர்ப் படத்தின் அழகுக்கு அடிநிலை. நான் பரிசளித்த படத்துக்கும் அதுவே நேர்ந்தது.

இனி, மாணவர் எழுப்பும் ஒரு நியாயமான தடைக்கு விடை கூறவேண்டும். "தொலைவிலிருந்து எடுப்பதற்குரிய வில்லை பல இலட்சம் ரூபாய். எங்கள் கையிலே இருப்பது கைப்பேசி. கிட்டப் போகாமல் எப்படி எடுப்பது?" என்பர். தோட்டத்துப் பிள்ளையின் வறுமையை நான் அறிவேன். கிட்டப் போகக்கூடிய பொருள்கள் நம்மைச் சுற்றி எத்தனை! வைகறையிலே தேயிலை மீது சிலந்தி கட்டிய வலையில் பனித்துளி கோத்து நிற்பதைப் பாருங்கள். கொழுந்துக்காகவே வளர்க்கும் தேயிலை, கைவிடப்பட்ட மலையிலே வெண்ணிற இதழும் பொன்னிற மகரந்தமும் கொண்டு பூத்திருப்பதைப் பாருங்கள். ஓடைக்கரைச் சேற்றிலே மரை பதித்துச் சென்ற குளம்படி, மரப்பட்டையின் நிறத்தோடு ஒன்றிய அந்துப்பூச்சி, இவை ஓடா, அஞ்சா, கூடு துறவா. பறவையைத்தான் எடுக்கவேண்டும் என்றால், அது நாள்தோறும் வந்தமரும் கிளையைக் கண்டறிந்து, அதற்கு முன்னே போய் அசையாமல் இருங்கள். நாம் பறவையிடம் போனால் அது பறக்கும். நாம் இருக்குமிடத்துக்கு அது வந்தால் தங்கும்.

ஒளியைப் பற்றியும் ஒரு சொல். ஞாயிறு எழுந்தபின் ஒரு நாழிகை, மறையுமுன் ஒரு நாழிகை, அந்தச் சாய்ந்த வெயிலே உருவத்தின் மேடு பள்ளத்தை எடுத்துக் காட்டும். உச்சி வெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கும். மூடுபனியைக் குறையென்று எண்ணாதீர். பனிக்குள் நிற்கும் ஒற்றைச் சவுக்கு மரம் எந்த மலரைவிடவும் மனத்திலே தங்கும். பறக்கும் பறவையின் இறகு தெளிவாக விழவேண்டுமாயின், கமராவின் கண் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே திறந்து மூடவேண்டும்; துங்கிந்தவின் 64 மீற்றர் வீழ்ச்சி பட்டுத்துகில்போல் விழவேண்டுமாயின், கருவியை அசையாமல் நிறுத்தி முழு நொடியும் திறந்திருக்கவேண்டும். விலங்கின் கண்ணுக்கு நேராக நம் கண் தாழவேண்டும். இவை அனைத்தும் பொறுமையாற் கைவருவன. செடியை ஒடித்துப் பெறும் ஒளி இவற்றில் ஒன்றுமன்று. அதைத் தோட்டத்து மொழியிலே சொன்னால், கவ்வாத்து.

இப்பொருளிலே மிகவும் நோவது இன்னொன்று. தொல்காப்பியர் விலங்கையும் பறவையையும் மரத்தையும் எண்ணிய அதே வரிசையிலே மக்களின் தொழிலையும் எண்ணினார். தோட்டத்துக்குப் படமெடுக்க வருவோர் இவ்வரிசையைத் தலைகீழாகக் கொள்கின்றனர். உழைப்பவளைக் காட்சிப்பொருள் ஆக்குகின்றனர். இது நெடிய வழக்கம். யூலியா மார்கரட் கமரன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞர் 1875இலே இலங்கைக்கு வந்தார். 1879இலே இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் கணவர் இந்நாட்டிலே கோப்பித் தோட்டங்கள் உடையவர். அவ்வம்மையார் இங்கே எடுத்த படங்களிலே நம் மக்களும் இருக்கின்றனர். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த கவிஞருக்கும் அறிஞருக்கும் பெயர் உண்டு. இங்குள்ளோர் பெரும்பாலும் பெயரற்ற உருவங்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்பும், கூடை சுமந்த பெண்ணைக் கேளாமலே எடுத்துச் செல்லும் அயலவர், அவள் பின்னால் நிற்கும் மரத்துக்கு அளிக்கும் மதிப்பையே அவளுக்கும் அளிக்கின்றனர்.

காட்டை அறிந்தவள் அவளே. மலையின் எந்த ஓடையிலே சிறுத்தை தங்கும், எந்தப் புதரிலே பன்றி குட்டி போட்டிருக்கிறது என்பதை அவள் பிரட்டுக்களத்துக்குப் போகும் வழியிலேயே அறிவாள். நம் தோட்டத்தார் சிறுத்தையைப் 'புலி' என்றே வழங்குவர். அச்சொல்லுக்குள் அச்சமும் உண்டு, மதிப்பும் உண்டு. 2020ஆம் ஆண்டு மே மாதம், நல்லதண்ணிப் பக்கத்திலே கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியிலே கழுத்து அகப்பட்டுத் தவித்தது. உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தும் சில நாளிலே இறந்தது. கருஞ்சிறுத்தையின் அரிய உருவம் மலையகத்திலே தானியங்கிக் கமராவிற் பதிந்த செய்தியை நாம் அந்த ஆண்டின் தொடக்கத்திலேதான் மகிழ்ந்து பேசியிருந்தோம். கண்ணி பன்றிக்காக வைப்பது, அகப்படுவது சிறுத்தை. அழகிய படம் நூறு எடுத்தவர் உளர். மலைச்சரிவிலே மறைந்து கிடக்கும் ஒரு கண்ணியைப் படமெடுத்து உரியவரிடம் காட்டியவர் எத்துணைப் பேர்? அப்படத்திலே ஒளி நயமும் வண்ண நயமும் இராது. ஆயினும் ஓர் உயிர் மிஞ்சும். நான் பரிசு தேர்வேனாயின் முதலிடம் அதற்கே.

பாடசாலைகளுக்கும் இலக்கியச் சங்கங்களுக்கும் மூன்று விதிகளை முன்வைக்கிறேன். கூட்டிலுள்ள முட்டையையும் குஞ்சையும் காட்டும் படத்தைப் போட்டிக்கு ஏற்றல் ஆகாது. ஒவ்வொரு படத்தோடும் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும்: நாள், இடம், பொழுது, எவ்வளவு தொலைவில் நின்றது, தம் ஊரார் அவ்வுயிரை வழங்கும் பெயர், படமெடுத்தபின் அது என்ன செய்தது என்பவை. மனிதர் உருவம் உள்ள படமாயின், அவர் இசைந்தார் என்பதும் அவர் பெயரும் வேண்டும். பரிசு, படத்துக்கும் குறிப்புக்கும் சேர்த்தே அளிக்கப்படுக. இவ்விதிகளால் நல்ல தமிழ் எழுதும் பயிற்சியும் வாய்க்கும் என்பது எம்மனோர்க்கு மேலும் ஒரு மகிழ்ச்சி. ஆறாவது வினாவுக்கு விடை எழுத, எடுத்தவன் படம் முடிந்த பின்பும் சிறிது நேரம் அங்கே நின்று பார்த்திருத்தல் வேண்டும். அந்தச் சிறிது நேரத்தையே நான் விரும்புகிறேன். அன்று அப்பிள்ளை மாலைவரை நின்றிருந்தால் காகத்தையாவது ஓட்டியிருப்பான்.

அம்மாணவனை விழாவுக்குப் பின்பு ஒருநாள் கண்டு பேசினேன். அவன் அழுதான், நான் பரிசைத் திருப்பிக் கேட்கவில்லை. அளித்தவனே பிழைபட்டிருக்க, பெற்றவனிடம் கேட்பதற்கு என்ன உண்டு? இவ்வாண்டு அவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். தேயிலைச் செடி ஒன்று. அதன் இலைச்செறிவின் நடுவே, நன்றாக உற்று நோக்கினாலன்றித் தெரியாத கொண்டை ஒன்று. கூடு தெரியவில்லை. குறிப்பிலே இருபது அடி தொலைவு என்று எழுதியிருந்தான். இறுதி வினாவுக்கு விடையாக, "அது என்னைப் பார்க்கவே இல்லை" என்று எழுதியிருந்தான். அவன் அம்மாயியிடம் அப்படத்தைக் காட்டினானா என்று கேட்டேன். காட்டினானாம். "இதுல என்னடா தெரியுது" என்றாராம் அவர். பிறகு, கண்ணருகே வைத்து நெடுநேரம் தேடிப் பார்த்துவிட்டு, "இருக்கு, இருக்கு" என்றாராம்.